எது, எதன்மேல்

விசையை முதன்முதலாகக் கற்கும் மாணவரின் குறிப்பேட்டில், பாடம் தொடங்கிய இரண்டொரு நாளுக்குள், நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை வந்துவிடுகிறது. இடப்புறம் தொடுவிசை, அதன்கீழ் தசை விசையும் உராய்வு விசையும்; வலப்புறம் தொடாவிசை, அதன்கீழ் ஈர்ப்பு விசையும் காந்த விசையும் நிலைமின் விசையும். மயிலாப்பூரில் உள்ள மாநகராட்சிப் பள்ளியானாலும் அடையாற்றில் உள்ள மத்தியப் பாடத்திட்டப் பள்ளியானாலும், ஆறாம் வகுப்பில் வந்தாலும் எட்டாம் வகுப்பில் வந்தாலும், அந்த அட்டவணையின் உருவம் பெரிதாக மாறுவதில்லை. அதில் பிழையென்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை. வகைப்படுத்துவது அறிவியலின் பழைய, மதிப்புக்குரிய வேலைகளுள் ஒன்று. செடிகொடிகளையும் விலங்குகளையும் இனம்பிரிக்கப் பழகிய பதினொரு வயதுப் பிள்ளைக்கு விசையையும் அவ்வாறே பிரித்துக் காட்டுவது இயல்பான வழியாகவே தோன்றும். ஆயினும் ஒரு நெருடல் விலகுவதில்லை. அட்டவணையைப் பிழையின்றி நிரப்பிய மாணவரிடம், பெஞ்சின்மேல் அசையாமல் கிடக்கும் அவருடைய புத்தகப் பையைக் காட்டி, இதன்மேல் என்னென்ன விசைகள் செயல்படுகின்றன என்று கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒன்றுமில்லை என்பதே. பை நகரவில்லை, ஆகவே விசையும் இல்லை என்று அவர் முடிவுகட்டுகிறார். ஈர்ப்பு விசை என்ற பெயரைச் சற்று முன்புதான் எழுதிய அதே மாணவர், அந்த விசை இந்தப் பையையும் இந்த நொடியிலும் விடாமல் இழுத்துக்கொண்டிருப்பதாக நினைப்பதில்லை.

தள்ளுதல் அல்லது இழுத்தல் என்னும் தொடக்க வரையறையும் இதற்கு ஒரு காரணம். தள்ளுவதும் இழுப்பதும் யாரோ ஒருவர் முயன்று செய்யும் செயல்கள். வியர்வையும் மூச்சிரைப்பும் அவற்றோடு சேர்ந்தே நினைவுக்கு வரும். தண்ணீர் லாரியில் பிடித்த பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்து இரண்டாம் மாடிக்கு ஏற்றுபவர் விசை செலுத்துகிறார் என்பதைப் பிள்ளைகள் உடனே ஏற்பார்கள். அதே குடத்தைச் சமையலறை மேடை இரவு முழுவதும் தாங்கி நிற்பதும் விசை செலுத்துவதே என்பதை ஏற்க அவர்களுடைய உடலனுபவம் இடம் தராது, ஏனெனில் மேடைக்குக் கை வலிப்பதில்லை. பாடம் அவசரப்படாமல் நிற்கவேண்டிய இடம் இது. கனமான ஒரு பொருளை முதலில் பஞ்சுத் தலையணையின்மேல் வைத்து அது அமுங்குவதைக் காட்டி, அடுத்து மெல்லிய மரப்பலகையின்மேல் வைத்து அது சற்றே வளைவதைக் காட்டி, அதற்கடுத்துப் பெஞ்சின்மேல் வைத்தால், பெஞ்சும் கண்ணுக்குப் புலப்படாத அளவில் அமுங்குகிறது என்றும், அமுங்கிய பொருள் பழைய வடிவுக்குத் திரும்ப முனைந்து மேலிருப்பதை மேல்நோக்கித் தள்ளுகிறது என்றும் மாணவர் நம்பத் தொடங்குவார். பரப்புக்குச் செங்குத்தான திசையில் செயல்படுவதால் இதனைச் செங்குத்து விசை என்பர். வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் தாங்கிக்கொண்டிருப்பது அதுவே. எனினும் பெரும்பாலான அட்டவணைகளில் அதற்கு ஓர் இடமே ஒதுக்கப்படுவதில்லை.

எந்த விசையின் பெயரைச் சொல்வதற்கு முன்பும் இரண்டு வெற்றிடங்களை நிரப்பவேண்டும் என்ற வழக்கத்தை வகுப்பில் ஏற்படுத்தினால் இந்நிலை மாறக்கூடும். எது, எதன்மேல் என்பவையே அந்த இரண்டு வெற்றிடங்கள். விசை ஒரு பொருளின் உடைமையன்று, இரண்டு பொருள்களுக்கிடையே நிகழ்வது என்னும் கருத்து முழுவதும் இந்தச் சிறு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. பையை மறுபடியும் எடுத்துக்கொண்டால், புவி பையின்மேல், கீழ்நோக்கி. பெஞ்சு பையின்மேல், மேல்நோக்கி. இரண்டும் அளவில் சமமாகவும் திசையில் எதிராகவும் இருப்பதால் பை அசையவில்லை. இவ்வாறு ஒன்றையொன்று ஈடுசெய்யும் விசைகளைச் சமன்செய்யப்பட்ட விசைகள் என்கிறது பாடநூல் மரபு. நியூட்டனின் மூன்றாம் விதியும் இதே வெற்றிடங்களிலிருந்து பிறக்கிறது, ஏனெனில் இரண்டு பெயர்களையும் இடம்மாற்றி எழுதினால் எதிர்வினை கிடைத்துவிடும். பையின் எடைக்கு எதிர்வினை பெஞ்சு தரும் செங்குத்து விசையே என்று பலர், பாடம் நடத்துவோரிலும் சிலர், சொல்லிவிடுவதுண்டு. 'புவி பையின்மேல்' என்பதை இடம்மாற்றினால் வருவது 'பை புவியின்மேல்' என்பதே, பெஞ்சுக்கு அதில் இடமில்லை. 5 கிலோகிராம் நிறையுள்ள பையைப் புவி ஏறத்தாழ 49 நியூட்டன் விசையால் இழுக்கிறது என்றால், பையும் புவியை அதே 49 நியூட்டனால் இழுக்கிறது. ஒரு கிலோகிராம் நிறையுள்ள பொருளின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் நொடிக்கு ஒரு மீட்டர் வீதம் கூட்டக்கூடிய விசையே ஒரு நியூட்டன்; அரை லிட்டர் ஆவின் பால் பாக்கெட்டை உள்ளங்கையில் ஏந்தினால் பாக்கெட் கையின்மேல் செலுத்துவது ஏறக்குறைய 5 நியூட்டன். காலையில் பால் வாங்கப் போகும் பிள்ளைக்கு இந்த அளவைக் கையாலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

உராய்வு விசையைக் கற்பிக்க மயிலாப்பூருக்குப் பங்குனித் தேரைவிடச் சிறந்த துணை வேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாளில் தேர் மாட வீதிகளைச் சுற்றி நிலைக்குத் திரும்புவதை ஆண்டுதோறும் பார்க்கும் பிள்ளைகள், வடம் விறைத்து நின்றும் தேர் அசையாத அந்தச் சில கணங்களையும் பார்த்தே இருப்பார்கள். அசையாத தேர்மேலும் விசைகள் உண்டு. ஓய்வில் இருக்கும் பொருளை நகரவிடாமல் பிடிக்கும் நிலை உராய்வு, இழுப்பு கூடக்கூடத் தானும் கூடிக்கொண்டே போய், ஓர் எல்லைக்கு மேல்தான் விட்டுக்கொடுக்கிறது. தேர் உருளத் தொடங்கிய பிறகு அதே ஓட்டத்தைக் காக்க அவ்வளவு இழுப்பு தேவைப்படுவதில்லை. முதல் அசைவுக்காகவே அத்தனை கூச்சலும் அத்தனை கைகளும். இதுவரை பாடநூல் சொல்வதோடு ஒத்துப்போகிறது. ஆனால் உராய்வு இயக்கத்தை எதிர்க்கும் விசை என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்த மாணவர், தேரிலிருந்து கண்ணை எடுத்து வடம் பிடிப்பவரின் வெறுங்காலைப் பார்க்கவேண்டும். அவர் வடத்தை முன்னால் இழுக்கும்போது வடம் அவரைப் பின்னால் இழுக்கிறது. அப்படியிருந்தும் அவர் முன்னேறுகிறார் என்றால், வேறு ஏதோ ஒன்று அவரை முன்னோக்கித் தள்ளியாகவேண்டும். அவரைத் தொட்டுக்கொண்டிருப்பது வடத்தைத் தவிரத் தெரு மட்டுமே. தெரு, காலின்மேல், முன்னோக்கி: இதுவும் உராய்வே. தெருவில் எண்ணெய் கொட்டியிருந்தால் ஆயிரம் பேர் கூடினாலும் தேர் நகராது. உராய்வு எதிர்ப்பது ஒரு பரப்பின்மேல் மற்றொரு பரப்பு வழுக்குவதைத்தான். அந்த எதிர்ப்பே நடப்பவரை முன்னே செலுத்துகிறது. சக்கரத்தின் முன் முட்டுக்கட்டை போடும் தொழிலாளிக்கு இது கைப்பழக்கமாகத் தெரிந்திருக்கிறது. கட்டை எந்தச் சக்கரத்தின்மேல், எந்தப் பக்கத்தில் செயல்படவேண்டும் என்பதை அவர் ஒரு நொடிக்குள் தீர்மானித்தாகவேண்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் ஆழமானது. தி. நகர் சோமசுந்தரம் மைதானத்தில் ஓங்கி அடித்த பந்து உயரே போய்க்கொண்டிருக்கும்போது அதன்மேல் என்ன விசை என்று கேட்டால், மட்டையின் விசை பந்துக்குள் இன்னும் இருக்கிறது, அது தீர்ந்ததும் பந்து இறங்கும் என்பார்கள். பொறியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களிடமும் இவ்வெண்ணம் நிலைத்திருப்பதை, மேலே சுண்டிய நாணயத்தைப் பற்றிய ஓர் எளிய கேள்வியைக் கொண்டு அமெரிக்க ஆய்வாளர் ஜான் கிளெமென்ட் 1982இல் காட்டினார். 1992இல் டேவிட் ஹெஸ்டினஸும் உடன் பணியாற்றியோரும் வெளியிட்ட விசைக் கருத்து வினாத்தொகுப்பு இத்தகைய எண்ணங்களைக் கண்டறியும் பொதுக் கருவியாகவே ஆகிவிட்டது. இதனை அறியாமை என்று தள்ளுவது நியாயமாகாது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் ஃபிலோபோனசும், 14ஆம் நூற்றாண்டில் பாரிசின் ஜான் புரிடானும் ஏறத்தாழ இதையே கருதினார்கள். எறிபவர் எறிபொருளுக்குள் ஓர் ஊக்கத்தைப் பதிக்கிறார், அது அப்பொருளைத் தொடர்ந்து செலுத்துகிறது என்பது அவர்கள் கொள்கை. வைசேடிகத் தத்துவமும் வேகத்தைப் பொருளில் பதியும் ஒரு சம்ஸ்காரமாகவும், குருத்துவத்தை அப்பொருளிலேயே தங்கி அதை விழச்செய்யும் குணமாகவும் எண்ணிற்று. மூன்று மரபுகளிலும் கூர்மையான மனங்கள் விசை போன்ற ஒன்றைப் பொருளின் உள்ளே தேடின. சோமசுந்தரம் மைதானத்துச் சிறுவனின் பதில் அந்த நீண்ட வரிசையைச் சேர்ந்தது. அவனுக்கு முதலில் உரியது அந்த மரியாதை. அதற்குப் பிறகு வெற்றிடங்களை நிரப்பச் சொல்லலாம். மட்டை பந்தைத் தொடவில்லை, ஆகவே மட்டையை எழுத முடியாது. புவி பந்தின்மேல், கீழ்நோக்கி. காற்று பந்தின்மேல், அதன் போக்குக்கு எதிராக. மேல்நோக்கிய விசைக்கு எழுத ஒரு பொருளும் அகப்படுவதில்லை. பந்து மேலே போவதற்குக் காரணம் வேண்டியதில்லை, அதன் வேகம் குறைவதற்குத்தான் காரணம் வேண்டும் என்னும் பெரிய மாற்றத்தின் வாசலுக்கு அந்த வெறுமை அவனைக் கொண்டுவருகிறது. பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்ட மாற்றம் நாற்பத்தைந்து நிமிட வகுப்புக்குள் நிகழ்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதில்தான் எங்கோ தவறு இருக்கிறது.

மாநகரப் பேருந்தில் பிரேக் போட்டதும் நின்றிருப்பவர்கள் முன்னால் சாய்வதற்கும் இதே சோதனை பொருந்தும். ஏதோ ஒன்று தள்ளியதாக உடல் உறுதியாகச் சொல்கிறது. தள்ளியது எது என்ற வெற்றிடமோ நிரம்புவதில்லை. பேருந்தின் தளம் காலைப் பின்னோக்கி இழுத்து நிறுத்த, மேலுடல் பழைய வேகத்திலேயே தொடர்கிறது, அவ்வளவே.

தொடாவிசைகளுக்கு வரும்போது சென்னையின் காற்றே ஆசிரியருக்கு எதிராக நிற்கிறது. சீப்பால் தலைவாரி அதைக் காகிதத் துணுக்குகளருகே கொண்டுபோனால் துணுக்குகள் துள்ளி ஒட்டும் என்பது பாடநூல்கள் விரும்பிச் சொல்லும் செய்முறை. கடலோர நகரத்தின் ஈரக்காற்றில் சீப்பின் பரப்பில் படியும் மெல்லிய நீர்ப்படலம் வழியே மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவிய தலையென்றால் தொடக்கத்திலேயே மின்னூட்டம் சரியாகச் சேர்வதில்லை. எதுவும் ஒட்டாத நிலையில் சீப்பு காகிதத்தை ஈர்த்தது என்று செய்முறைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்வது, விசையைப் பற்றி அல்லாமல் வேறு எதையோ பிள்ளைகளுக்குக் கற்பித்துவிடுகிறது. ஏன் ஒட்டவில்லை என்று அங்கேயே நின்று கேட்பதும், குளிர்சாதன அறையில் உலர்ந்த பிளாஸ்டிக் ஸ்கேலைக் கொண்டு மறுபடி செய்து பார்ப்பதும் அதனினும் நல்ல பாடம். காந்தத்துக்கு இந்த இடர்ப்பாடு இல்லை. பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தத்தைப் பெசன்ட் நகர் கடற்கரை மணலில் இழுத்துச் சென்றால் கருந்துகள்கள் மீசைபோல் சிலிர்த்து ஒட்டிக்கொள்ளும். தொடாமலே எப்படி இழுக்கிறது என்று அப்போது ஒரு பிள்ளை கேட்டால், அது தொடாவிசை என்பது விடையாகாது. நியூட்டனே இந்தக் கேள்வியால் அலைக்கழிந்தவர். இடையில் எதுவுமின்றி ஒரு பொருள் தொலைவிலுள்ள மற்றொன்றைப் பாதிக்கும் என்பது அறிவுக்கு ஒவ்வாதது என்று 1693இல் ரிச்சர்ட் பென்ட்லிக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்னார். 19ஆம் நூற்றாண்டில் மைக்கேல் ஃபாரடே காந்தத்தைச் சூழ்ந்த வெளியே ஒரு புலமாக மாறியிருப்பதாகக் கருதியபோதுதான் அந்த இடைவெளியைப் பற்றிப் பேச ஒரு மொழி கிடைத்தது.

ஈர்ப்பைப் பற்றிய பாடத்தில் எப்போதும் மரத்திலிருந்து ஓர் ஆப்பிள் விழுகிறது, தி. நகரை ஒட்டிய நுங்கம்பாக்கத்தில் நடந்த வேலை ஒருபோதும் சொல்லப்படுவதில்லை என்பது வருத்தம் தருகிறது. இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில், 1792இல் எழுந்த மதராஸ் வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழும் தெலுங்கும் உள்ளிட்ட மொழிகளில் பொறித்த எழுத்துகளோடு இன்றும் நிற்கிறது. அந்த வானாய்வகத்தின் வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1820களின் தொடக்கத்தில் ஊசல் ஒன்றின் ஆட்டத்தை நுணுகிக் கணக்கிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் செல்ல ஒரு நொடி எடுக்கும் ஊசலின் நீளம் இந்நகரில் எவ்வளவு என்று வரையறுத்தார். லண்டனில் அந்த நீளம் ஏறக்குறைய 99.4 செ.மீ.; இங்கே ஏறக்குறைய 99.1. மூன்று மில்லிமீட்டர் வேறுபாடு சிறிதுபோல் தோன்றலாம், ஆனால் லண்டனில் சரிசெய்த ஊசல் கடிகாரத்தை அப்படியே இங்கு கொண்டுவந்தால் நாளொன்றுக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். புவி துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் நடுவில் சற்றுப் பருத்தும் இருப்பதும், அது தன்னைத்தானே சுற்றுவதும் இதற்குக் காரணங்கள். ஈர்ப்பு முடுக்கத்துக்குப் பாடநூல் 9.8 என்று தரும் எண் சென்னையில் 9.78க்கு அருகில் இருக்கிறது. பழைய பேப்பர் வாங்குபவரின் சுருள்வில் தராசு உண்மையில் அளப்பது புவி காகிதக் கட்டின்மேல் செலுத்தும் விசையை; அதில் எழுதியிருப்பதோ கிலோகிராம். லண்டனில் அளவு பொறித்த சுருள்வில் தராசு மயிலாப்பூரில் ஆயிரத்துக்கு மூன்று வீதம் குறைத்துக் காட்டும். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகச் சொல்ல நிலவுக்குப் போகவேண்டியதில்லை.

அட்டவணையின் நடுக்கோட்டைப் பற்றிய ஐயம் இனிதான் முழுமையாக எழுகிறது. கை மேசையைத் தொடுகிறது என்று சொல்லும்போது அணு அளவில் நிகழ்வது என்ன? கையின் அணுக்களைச் சூழ்ந்த எலக்ட்ரான்களும் மேசையின் அணுக்களைச் சூழ்ந்த எலக்ட்ரான்களும் மிக நெருங்கும்போது எழும் விலக்கமே தொடுகை. சீப்பையும் காகிதத்தையும் இணைத்த மின்விசையின் குடும்பம்தான் அதுவும். தசை சுருங்குவதும், உராய்வும், வடத்தின் விறைப்பும், பெஞ்சின் தாங்கலும் இறுதியில் மின்காந்த விசையில் போய் முடிகின்றன. அப்படியானால் அட்டவணையின் இடப்பக்கம் முழுவதும் மெல்ல வலப்பக்கத்துக்கு நகர்ந்துவிடுகிறது. இயற்பியல் இன்று அடிப்படை விசைகளாகக் கொள்பவை நான்கு: ஈர்ப்பு, மின்காந்தம், அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலிய விசை, சில கதிரியக்கச் சிதைவுகளுக்குக் காரணமான மெலிய விசை. இவற்றைப் பற்றிய பேச்சும் மயிலாப்பூருக்குப் புதிதன்று. லஸ் சர்ச் சாலையில் இயற்பியலாளர் அல்லாடி ராமகிருஷ்ணனின் இல்லமான ஏகாம்ர நிவாசத்தில் கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கு நடந்த காலத்தில், 1960இல், நீல்ஸ் போர் அங்கு வந்திருக்கிறார். 1962இல் தொடங்கப்பட்டு இப்போது தரமணியில் இயங்கும் கணித அறிவியல் நிறுவனத்துக்கு வித்து அந்த வீட்டில்தான் விழுந்தது. தொடுகையைப் பற்றி இன்னொன்றும் உண்டு. ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்கமுடியாது என்று வுல்ஃப்காங் பவுலி 1925இல் கூறிய தவிர்ப்புத் தத்துவம் இல்லாவிட்டால், மின்விசை மட்டும் திடப்பொருளைத் தாங்கிப் பிடிக்காது என்பதை 1967இல் ஃப்ரீமன் டைசனும் ஆண்ட்ரூ லெனார்டும் கணிதமுறையில் நிறுவினர். மயிலாப்பூரில் குடும்பம் வாழ, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர், 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது போட்ட கணக்கும் இதே தத்துவத்தின் மேலானது. எரிந்து முடிந்த விண்மீனின் எலக்ட்ரான்கள் நெருக்கத்தை மறுத்து ஈர்ப்பைத் தாங்கி நிற்கின்றன. சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் போனால் அந்தத் தாங்கல் போதாது. குடத்தைத் தாங்கும் மேடைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதையும், அந்த எல்லை எவ்வளவு பெரியது என்பதையும் ஒருசேரச் சொல்லும் கணக்கு அது.

இவை அனைத்தையும் பதினொரு வயதில் சொல்லத் தேவையில்லை. சொன்னால் இன்னொரு அட்டவணைதான் உருவாகும். ஆனால் கை உண்மையிலேயே மேசையைத் தொடுகிறதா என்று கேட்கும் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் குறையாமல் இருக்கவேண்டும். தொடுவிசை, தொடாவிசை என்னும் பிரிவைப் பாடத்தின் தொடக்கத்தில் விடையாகத் தராமல், விசைகள் பலவற்றை எது, எதன்மேல் என்று எழுதிப் பழகிய பிறகு, இறுதியில், இவற்றை எப்படிப் பிரிக்கலாம் என்னும் கேள்வியாக வைப்பது நல்லது. இந்தப் பரிந்துரைக்கும் ஒரு குறை இருப்பதை மறைக்கக்கூடாது. பேருந்தில் முன்னால் தள்ளியதாக உணர்ந்தது விசையன்று என்று எந்தச் சோதனையால் விலக்கப்பட்டதோ, அந்தச் சோதனைக்கு ஈர்ப்பையும் உட்படுத்தவேண்டும் என்றார் ஐன்ஸ்டீன். 1915இல் முழுமை பெற்ற அவருடைய பொதுச் சார்பியலின்படி, பொருள்களை விழச்செய்வது புவி அவற்றின்மேல் செலுத்தும் விசையன்று, வெளியும் காலமும் வளைந்திருக்கும் விதம். 'புவி, பையின்மேல்' என்று நிரப்பிய வெற்றிடமும் அங்கே ஆட்டம் காண்கிறது. இரண்டு பார்வைகளையும் உள்ளிருந்து அறிந்தவர் சந்திரசேகர். 1983இல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாட்டைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட அவர், வாழ்வின் இறுதி ஆண்டுகளை 1687இல் வெளியான நியூட்டனின் பிரின்சிபியாவுக்குக் கொடுத்தார். பொது வாசகருக்காக அதனை விளக்கிய அவருடைய நூல், அவர் மறைந்த 1995ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அந்த நூலுக்காக அவர் கைக்கொண்ட முறை ஆறாம் வகுப்புக்கும் அந்நியமானதன்று: ஒவ்வொரு தேற்றத்துக்கும் முதலில் தம் சொந்த நிறுவலை எழுதினார், எழுதி முடித்த பிறகே நியூட்டன் அதை எப்படி நிறுவியிருக்கிறார் என்று பார்த்தார்.